பத்து ரூபாய் மனுவின் அடக்க விலை

சங்கரன்கோவில் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஆடித்தபசு நினைவுக்கு வரும். கோமதி அம்மன் தவம் இருக்கிறாள். கடைசியில் சுவாமி தபசு மண்டபத்துக்கே வந்து சங்கரநாராயணராகக் காட்சி கொடுக்கிறார். அந்த ஒரு நொடியைப் பார்க்கச் சுற்றுவட்டாரக் கிராமங்கள் எல்லாம் ஊருக்குள் வந்துவிடும்.

இன்னொரு தபசும் உண்டு. அதற்கு மாதமும் கிடையாது, நட்சத்திரமும் கிடையாது. தமிழ்நாட்டின் எந்தத் தாலுகா ஆபீஸ் வாசலிலும் அதைப் பார்க்கலாம். கையில் மஞ்சள் பை, அதற்குள் ரேஷன் கார்டு, ஆதார் நகல், இரண்டு போட்டோ. மரத்தடியில் காலையில் உட்கார்ந்தவர் மத்தியானம் வரை எழுந்திருப்பதில்லை. ‘சார் கேம்ப் போயிருக்கார், நாளைக்கு வாங்க’ என்று உள்ளேயிருந்து பதில் வந்ததும் பையை மடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிறார். அம்மனுடைய தவத்துக்குப் பலன் கிடைக்கும் நாளைக் காலண்டரிலேயே போட்டிருக்கிறான். இவருடைய தவத்துக்கு அந்த வசதி இல்லை.

அரசாங்கத்தைக் கிராமத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோவது பற்றி எல்லா அரசுகளும் பேசியிருக்கின்றன. திட்டங்களும் நிறைய வந்திருக்கின்றன. ஆனால் ‘பக்கம்’ என்பதை எதை வைத்து அளப்பது? கிலோமீட்டரை வைத்தா? கம்ப்யூட்டர் எண்ணிக்கையை வைத்தா? காமர்ஸ் படிப்பவர்களுக்குத் தெரிந்த ஒரு வழி இருக்கிறது. காஸ்ட் ஷீட் போட்டுப் பார்ப்பது.

சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள ஏதாவது ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மானாவாரி நிலம், பீடி சுற்றும் பெண்கள், தீப்பெட்டி ஆபீஸ் வேன், டவுனில் விசைத்தறி வேலை, விடியுமுன் பூ பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்புகிற வீடுகள் என்று போகிற ஊர். அங்கே அறுபது வயது தாண்டிய ஓர் அம்மாவுக்கு முதியோர் உதவித்தொகைக்கு மனுப் போட வேண்டும். தனியாகப் போய்வர முடியாது, மகள் கூட வருகிறாள். இ-சேவை மையத்தில் இந்த மனுவுக்கான சேவைக் கட்டணம் 10 ரூபாய்தான். அரசின் கணக்கில் இந்தச் சேவையின் விலை அவ்வளவே.

இனி மகளின் கணக்கைப் பார்க்கலாம். 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாள்கூலி 336 ரூபாய். அதையே அவளுடைய ஒரு நாளின் மதிப்பாக வைத்துக்கொள்வோம். மூன்று தடவை அலைந்தாள் என்றும் வைத்துக்கொள்வோம். முதல் நாள் சர்வர் வேலை செய்யவில்லை. இரண்டாம் நாள் ஒரு நகல் குறைந்தது. மூன்றாம் நாள் விசாரணைக்கு.

மனுக் கட்டணம்: ரூ. 10
ஜெராக்ஸ், போட்டோ: ரூ. 90
டீ, வடை, இரண்டு பேருக்கு மூன்று நாள்: ரூ. 90
மூன்று நாள் கூலி இழப்பு: ரூ. 1,008
மொத்தம்: ரூ. 1,198

இதில் பஸ் கட்டணத்தைச் சேர்க்கவில்லை. 2021 முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால் அந்தச் செலவு மிச்சம். ஜெராக்ஸும் டீயும் ஊருக்கு ஊர் கொஞ்சம் முன்பின் இருக்கும். ஆனால் மொத்தத் தொகையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக உயர்ந்தது. அதாவது கையில் வரப்போகிற முதல் மாதப் பணம், வருவதற்கு முன்பே ஏறக்குறைய முழுசாகச் செலவாகிவிட்டது. ‘பத்து ரூபாய்’ மனுவின் அடக்க விலை இதுதான்.

இந்த ஷீட்டில் பெரிய தொகை எது? கட்டணம் அல்ல, தூரம் அல்ல, எத்தனை தடவை அலைந்தாள் என்பதுதான். ஒரே தடவையில் முடிந்திருந்தால் சுமார் 466 ரூபாயோடு போயிருக்கும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு, இதுவரை நடந்த முயற்சிகளைத் திரும்பிப் பார்க்கலாம்.

முதலில் தூரம். சங்கரன்கோவில் நீண்ட காலம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த ஊர். கலெக்டரைப் பார்க்க ஏறத்தாழ 55 கிலோமீட்டர் பயணம். திங்கள்கிழமை மனுநாளுக்குக் கிராமத்திலிருந்து டவுனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து நெல்லைக்கு ஒரு பஸ், பிறகு கொக்கிரகுளத்துக்கு இன்னொன்று. 2019 ஜூலையில் தென்காசியைத் தலைநகராகக் கொண்டு புதிய மாவட்டம் அறிவிக்கப்பட்டு, அதே ஆண்டு நவம்பர் 22 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. சங்கரன்கோவிலும் திருவேங்கடமும் சேர்த்து எட்டுத் தாலுகாக்கள். தென்காசி சுமார் 40 கிலோமீட்டர். இதைவிட முக்கியமானது, சங்கரன்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு வருவாய்க் கோட்டமும் வந்தது. கோட்டாட்சியர் வரை ஊருக்குள்ளேயே பார்த்துவிடலாம்.

இது நல்ல மாற்றம்தான், சந்தேகமில்லை. ஆனால் மேலே சொன்ன மகளின் கணக்கில் இதனால் எத்தனை ரூபாய் குறைந்தது? ஒரு ரூபாய்கூட இல்லை. ஏனென்றால் அவளுடைய காகிதம் கலெக்டர் வரை போவதே இல்லை. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தார், இந்த மூன்று மேஜைகளுக்குள்தான் அது சுற்றுகிறது. சாமானியருக்கு அரசாங்கம் என்றால் பெரும்பாலும் இந்த மூன்று மேஜைகள்தான்.

சரி, மேஜை கிராமத்துக்குள்ளேயே இருந்தால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? அதற்கும் நம் மாநிலத்தில் ஒரு பழைய அனுபவம் இருக்கிறது. 1980க்கு முன்பு நிலக் கணக்கு கர்ணத்தின் கையில்தான் இருந்தது. அவர் அதே ஊர்க்காரர், கணக்குப் புத்தகங்கள் பெரும்பாலும் அவர் வீட்டிலேயே இருக்கும். கிராம முன்சீப்பும் அப்படித்தான். அரசாங்கம் பத்து வீடு தள்ளித்தான் இருந்தது. ஆனால் அந்தப் பதவிகள் வழிவழியாகச் சில குடும்பங்களுக்குள்ளேயே சுற்றிவந்தவை. அந்தத் திண்ணையில் ஏற முடியாதவர்களுக்கு, அந்தத் தெருவிலேயே நடக்கத் தயங்கியவர்களுக்குப் பத்து வீட்டுத் தூரம் என்பது பல மைல் தூரம். எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பர் 14 அன்று அவசரச் சட்டம் கொண்டுவந்து அந்தப் பகுதிநேரப் பதவிகளை ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1982இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. அதற்குப் பிறகு வந்தவர்கள்தான் இன்றைய வி.ஏ.ஓ.க்கள். டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதி யாரும் அந்த நாற்காலிக்கு வரலாம் என்ற நிலை உண்டானது.

அந்த மாற்றத்தால் அலுவலர் ஊருக்குக் கொஞ்சம் அந்நியரானார். வெளியூரிலிருந்து வருகிறார், சில சமயம் பக்கத்துக் கிராமத்துக்கும் கூடுதல் பொறுப்பு, எந்த நாளில் இருப்பார் என்று தெரியாது. ஆனாலும் ஏழைக்கு அது லாபம்தான். ‘பக்கத்தில் இருப்பது’ வேறு, ‘அணுக முடிவது’ வேறு என்று இந்த வரலாறு காட்டுகிறது.

அடுத்து வந்தது கம்ப்யூட்டர். இதில் தமிழ்நாடு சீக்கிரமே இறங்கிய மாநிலம். சங்கரன்கோவிலிலிருந்து வடக்கே, மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதியில் 2001 வாக்கிலேயே கிராமங்களில் இணைய மையங்கள் திறக்கப்பட்டன. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய கம்பியில்லா இணைப்புத் தொழில்நுட்பத்தில் அவை இயங்கின. ஐ.ஐ.டி.யோடு அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்ட் பல்கலைக்கழகங்களும் சேர்ந்திருந்தன. உள்ளூர் ஆட்களே நடத்தினார்கள். ஊரிலிருந்தபடியே தாலுகா ஆபீசுக்குச் சான்றிதழ் மனு அனுப்பலாம் என்று ஏற்பாடு. ஆரம்பத்தில் நல்ல வரவேற்பு. பிறகு என்ன ஆனது? ஆர்வமாக இருந்த அதிகாரிகள் மாற்றலாகிப் போனார்கள். அடுத்து வந்தவர்களுக்கு அந்த மனுக்கள் கூடுதல் தலைவலி. மனுவுக்குப் பதில் வராத இடத்தில் யார் காசு கொடுத்து மனு அனுப்புவார்கள்? மையம் நடத்தியவர்களுக்கு வருமானம் போதவில்லை, பல மையங்கள் மூடப்பட்டன. மனு மின்னல் வேகத்தில் போய்ச் சேர்ந்தது, ஆனால் போய்ச் சேர்ந்த மேஜை பழைய மேஜையாகவே இருந்தது.

2006இல் மத்திய அரசு நாடு முழுவதும் ஒரு லட்சம் பொதுச் சேவை மையங்கள் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. தமிழ்நாட்டில் பின்னர் அரசு கேபிள் டிவி நிறுவனமும் கூட்டுறவுக் கடன் சங்கங்களும் இ-சேவை மையங்களை நடத்தத் தொடங்கின. இப்போது வருமானம், சாதி, இருப்பிடம், முதல் பட்டதாரி என எதற்கும் அங்கேதான் மனு. சான்றிதழும் டிஜிட்டல் கையெழுத்தோடு அச்சாகி வந்துவிடுகிறது. 2010-11 முதல் தொழிற்கல்வியில் முதல் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை இருக்கிறது. கவுன்சிலிங் தேதி நெருங்கும்போது அந்த ஒரு தாளுக்காக வீடே தவிக்கும். அதைத் தாலுகா ஆபீஸ் படி ஏறாமலே வாங்கிய பிள்ளைகள் இன்று எத்தனையோ பேர். இதைக் குறைத்துச் சொன்னால் அது நியாயமாகாது.

ஆனால் ஒரு விஷயம் விட்டுப்போனது. பழைய கவுண்டரில் ஒரு மனிதர் இருந்தார். எரிந்து விழுவார், ஆனால் ‘இந்தக் காகிதம் இல்லை, அதை வாங்கிட்டு வா’ என்று வாயைத் திறந்து சொல்வார். இப்போது மனு நிராகரிக்கப்பட்டால் அது ஒரு வரிக் குறிப்போடு திரும்புகிறது. மையத்தில் இருப்பவருக்கு மனுவைப் பதிவு செய்ய மட்டும்தான் தெரியும், ஏன் திரும்பியது என்று கேட்டால் அவர் என்ன செய்வார் பாவம். ஆக, மகள் மறுபடியும் வி.ஏ.ஓ.வைத் தேடிப் போகிறாள். கம்ப்யூட்டர் வந்த பிறகும் காஸ்ட் ஷீட்டில் அந்த மூன்றாவது நாள் அப்படியே இருக்கிறது. காரணம் சேவை இல்லாதது அல்ல, தகவல் இல்லாதது.

தகவல் ஒன்றே என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்குப் புதுச்சேரியில் ஒரு பதில் இருக்கிறது. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ‘தகவல் கிராமம்’ என்ற முயற்சியைத் தொடங்கியது. வில்லியனூரில் மையம், சுற்றுக் கிராமங்களில் கிளைகள். முதலில் ஊர்க்காரர்களிடம் போய் ‘உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்?’ என்று கேட்டார்கள். வீராம்பட்டினம் மீனவர்களுக்கு வேண்டியிருந்தது நாளைய அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அது கிடைத்தது. தினமும் அதை இறக்கித் தமிழில் மாற்றி ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். வேறு கிராமங்களில் நெல் விலை, அரசுத் திட்டங்களுக்கான தகுதி, யாரிடம் மனு கொடுப்பது போன்ற விவரங்கள். ‘நம்ம ஊரு செய்தி’ என்று ஒரு பத்திரிகைகூட நடத்தினார்கள். படிக்கத் தெரியாதவருக்கும் ஒலிபெருக்கி கேட்கும் அல்லவா?

அந்த ஒலிபெருக்கியின் மதிப்பு 2004 டிசம்பர் 26 அன்று தெரிந்தது. புதுச்சேரிப் பக்கத்து நல்லவாடு கிராமத்திலும் அப்படி ஒரு மையம் இருந்தது. அந்த ஊரைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரிலிருந்து சுனாமிச் செய்தியை அறிந்து போன் செய்தார். ஊரில் இருந்தவர்கள் மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். ஊரே மேட்டுக்கு ஓடியது. வீடுகளும் படகுகளும் போயின, உயிர்கள் தப்பின. சரியான தகவல், புரிகிற மொழியில், சரியான நேரத்தில் வந்ததால் கிடைத்த பலன் அது.

சங்கரன்கோவில் பக்கம் கடல் இல்லை. ஆனால் அங்கேயும் சின்னச் சின்ன அலைகள் உண்டு. ஸ்காலர்ஷிப்புக்குக் கடைசித் தேதி, பயிர் இன்ஷூரன்ஸுக்குக் கடைசித் தேதி, ஜமாபந்தி எந்த நாள் எந்தக் குறுவட்டத்துக்கு என்ற விவரம். தெரியாமல் போனால் ஒரு குடும்பத்தின் ஒரு வருஷமே அடித்துக்கொண்டு போய்விடும்.

உதவித்தொகை கைக்கு வரும் விதத்திலும் இதே பாடம்தான். 1962இல் காமராஜர் ஆட்சியில் முதியோர் உதவித்தொகை தொடங்கியபோது மாதம் 20 ரூபாய். தபால்காரர் மணியார்டராக வீட்டுத் திண்ணைக்கே கொண்டுவந்து கொடுப்பார். அவருக்குக் கொஞ்சம் ‘டீ காசு’ போகும் என்பது ஊருக்கே தெரிந்த குறை. பிறகு அது வங்கிக் கணக்குக்கு மாறியது. முழுத்தொகையும் கணக்கில் ஏறுகிறது, நல்லதுதான். ஆனால் ஆயுசு முழுக்கப் பீடி சுற்றி, களை பறித்துத் தேய்ந்த விரலின் ரேகையைக் கருவி ஏற்க மறுக்கும் நாட்களும் உண்டு. அப்போது அந்தப் பாட்டி என்ன செய்ய வேண்டும் என்று கருவி சொல்லாது. ஒரு சீர்திருத்தம் பழைய குறையை நீக்கும்போது பழைய வசதியையும் சேர்த்து எடுத்துவிடுகிறதா என்று யாராவது பார்க்க வேண்டும்.

ஆகவே செய்ய வேண்டியவை ரொம்பப் பெரிய விஷயங்கள் அல்ல. ஒவ்வொரு ரேஷன் கடைச் சுவரிலும் ஒரு பலகை: எந்த மனுவுக்கு எந்தெந்தக் காகிதம், எத்தனை நாளில் முடிய வேண்டும், முடியாவிட்டால் யாரிடம் கேட்பது. இது சலுகையும் அல்ல. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, அலுவலகங்கள் தங்கள் நடைமுறைகளை யாரும் கேட்காமலே, உள்ளூர் மொழியைக் கருத்தில் கொண்டு வெளியிட வேண்டும் என்கிறது. வி.ஏ.ஓ. எந்தெந்த நாளில் எந்த ஊரில் இருப்பார் என்பதும் அதே பலகையில் இருக்கட்டும். மனு நிராகரிக்கப்பட்டால், என்ன குறை, அதை எப்படிச் சரிசெய்வது என்று தமிழில் இரண்டு வாக்கியம் வரட்டும்.

கூடவே காலக்கெடு வேண்டும். 2010இல் மத்தியப் பிரதேசம் பொதுச் சேவைகளுக்கு உத்தரவாதம் தரும் சட்டத்தை நாட்டிலேயே முதலில் கொண்டுவந்தது. குறித்த நாளுக்குள் சேவை கிடைக்காவிட்டால் பொறுப்பான அலுவலருக்கு அபராதம். மற்றப் பல மாநிலங்களும் பின்பற்றின. தமிழ்நாட்டிலும் இப்படிச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக எழுந்துவந்திருக்கிறது. தனியார் கம்பெனியில் சரக்கு தாமதமானால் நஷ்டம் யார் தலையில் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். அரசுச் சேவை தாமதமானால் நஷ்டம் எப்போதும் அந்த மகளின் தலையில் மட்டும் ஏறுவது என்ன நியாயம்?

கடைசியாக, எதை எண்ணுகிறோம் என்பது. 2013இல் அம்மா திட்ட முகாம்கள் கிராமங்களுக்குப் போயின. 2024இல் ‘உங்களைத் தேடி உங்கள் ஊரில்’ என்று கலெக்டர்கள் தாலுகாக்களுக்குப் போய்த் தங்கினார்கள். 2025 ஜூலையில் ‘உங்களுடன் ஸ்டாலின்’ 10,000 முகாம்களுக்குத் திட்டமிட்டுத் தொடங்கியது. ஆட்சி எதுவானாலும் முகாம் முடிந்ததும் பேப்பரில் வருவது மனுக்களின் எண்ணிக்கை. இத்தனை லட்சம் மனு வந்தது, இத்தனை லட்சம் தீர்ந்தது. இத்தனை லட்சம் பேர் முகாமுக்கு வந்து மனு கொடுக்கிறார்கள் என்றால், வழக்கமான வழியில் அது முடியவில்லை என்றும் அர்த்தம் ஆகிறதே! அந்தக் கணக்கோடு இன்னொரு கணக்கையும் போடலாம்: ஒரு மனு முடிய ஒருவர் எத்தனை தடவை வந்தார்? போன வருஷம் சராசரி மூன்று, இந்த வருஷம் இரண்டு என்று ஒரு தாலுகா காட்டினால், அதுவே அரசாங்கம் கிராமத்துக்கு அருகில் வந்ததற்கு அத்தாட்சி.

தபசு மண்டபத்தில் அம்மன் ஒரு தடவை காத்திருந்தால் போதும், சுவாமி வந்துவிடுகிறார். ‘சார் வரல, நாளைக்கு வாங்க’ என்று அவளை யாரும் திருப்பி அனுப்புவதில்லை. மஞ்சள் பையோடு டவுன் பஸ்ஸில் வரும் மகளும் அவள் அம்மாவும் கேட்பது அதைவிடக் குறைவு. யாரும் நேரில் வந்து காட்சி தர வேண்டாம். ஒரு தடவை வந்தால் வேலை முடிய வேண்டும், அவ்வளவுதான். மிச்சமாகும் 732 ரூபாயில் அந்த வீட்டுக்குப் பத்து நாள் காய்கறி வாங்கலாம்.